மாப்பிள்ளை வீடு கடலோரம்

பழவேற்காட்டிலிருந்து பொன்னேரி போகும் பஸ்ஸில், எனக்கு முன்சீட்டில் இறால் கூடையோடு அக்கா தங்கை இருவர். திடீரென்று அக்கா சொன்னாள்:

"அந்தமான் பக்கம் பூமி பூமிக்கடியிலயே பூந்துனு கீதாம்டி."

"இன்னாக்கா சொல்ற?"

"காலேஜ் படிக்கிற என் பொண்ணுதான் சொன்னா. ஒரு எடத்துல நைசா நழுவுதாம். இன்னொரு எடத்துல பாறையில மாட்ன வலை கணக்கா நிக்குதாம். அது பிச்சுக்கினா சுனாமி."

"அங்க மட்டும் ஏன் மாட்டுது? எப்ப பிச்சுக்கும்?"

"பெரிய படிப்பு படிச்சவங்களுக்கே தெரியலயாம்."

ஏழாவதோடு நின்றவன் நான். விஷயம் பாதிதான் புரிந்தது, பயம் முழுசாக வந்துவிட்டது.

"அப்போ அவளுக்கு கோட்டைக்குப்பத்து மாப்ள வேணாமா? வீடு கடலாண்டதான கீது."

"நானும் அதான் கேட்டேன். காட்டூர்ல நெல்லு வெளையிற வீடா பாக்கலாம், அங்க பயமில்லன்னேன். 'எப்பன்னே தெரியாததுக்கு பயந்துனு அவர விட்டுடச் சொல்றியா'ன்றா. அலை வந்தா எதுல ஓடுவன்னேன். 'அவராண்ட போட் கீதேம்மா'ன்றா. இன்னா பண்றது, சரின்னுட்டேன்."

இருவரும் சிரித்தார்கள். நான் மடியிலிருந்த பையை இறுக்கிக்கொண்டேன். ரேஷன் கார்டு, ஆதார், டார்ச் லைட் எல்லாம் தண்ணீர் புகாத கவரில் எப்போதும் அதற்குள் இருக்கும்.

என் வீடு காட்டூரில்தான்.