நொண்டிப் புலியின் பலவீனம்

– ஆனை உசரம் இருந்தாலும் இலை தழையைத் தின்னுட்டு தேமேன்னு கிடந்த ஜீவன்டா அந்தக் காலத்து மிருகம்! செத்து பத்தாயிரம் வருஷம் கழிச்சு அதை ராட்சசனாக்கி, நகத்துக்கு இருபது பாயிண்ட் வேற. வாயில்லா ஜீவன் மேல இப்படி அபாண்டம் சுமத்தலாமா?

– அக்கா, உன் மியூசியத்துல அது வெறும் எலும்பு. நான் உருவாக்குற விளையாட்டுல நாலு பேரு மேஜையைச் சுத்தி உக்காந்து டைஸ் உருட்டுவாங்க. எதிர்ல நிக்கிறது இலை தின்னுக்கிட்டிருந்தா எவனுக்குப் பயம் வரும்? எழுது. என் கைதான் ஸ்ட்ரைக் பண்ணுதே.

– கையும் காலும் படுத்தாலும் வாய் மட்டும் ஏழூருக்கு நீளுது. இரு, தலகாணி சரிஞ்சிருக்கு.

– நீ குனியாத. நேத்து என்னைத் தூக்கும்போது உன் முதுகு கடக்குன்னுச்சு. கேட்டுச்சு எனக்கு.

– அது கட்டிலு.

– கட்டிலுக்கு முதுகெலும்பு இருக்கா? சரி, நாப்பது மிருகம் ஆச்சு. கடைசி ஒண்ணு. நாலு மணிக்குள்ள முடிக்கணும்.

– நாலு மணிக்கு ஒரு மண்ணும் நடக்காது. அந்தப் பராமரிப்பு இல்லத்து வேன் வந்தா வந்த வழியே திருப்பி அனுப்புவேன். மாசத்துக்கு ஒரு தடவை எட்டிப் பாக்கிற அண்ணன், என்னை ஒரு வார்த்தை கேக்காம உன்னைக் கொண்டு போய்ச் சேக்க ஏற்பாடு பண்ணுவானா? இனி அவன் மூஞ்சியில முழிக்க மாட்டேன்.

– அப்புறமா திட்டிக்கோ. தலைப்பு போடு. நொண்டி வாள்பல் புலி.

– நான் சுத்தம் பண்ணினதா?

– அதேதான். உயிர், பத்து. வேட்டைக்காரங்களா ஆடுறவங்க முதல்ல இதைத்தான் அடிக்கணும். லேசுல விழுந்துடும்.

– உன்னைத்தான் அடிப்பேன். அந்த இடுப்பெலும்பை ஆறு மாசம் பிரஷ் வெச்சுத் துடைச்சவ நான். பிறவியிலேயே மூட்டு கோணல். பாய முடியாது, வேட்டையாட முடியாது. ஆனாலும் முழுப் புலியா வளந்துதான் செத்திருக்கு. எப்படின்னு நினைக்கிற?

– புலி பசிச்சாலும் புல்லைத் தின்னாதே.

– மத்ததுங்க இரையில பங்கு வெச்சிருக்கு. விட்டுட்டுப் போகல. எலும்பு பொய் சொல்லாதுடா. உயிர் நூறுன்னு போடறேன். அதைத் தொட்டா மொத்தக் கூட்டமும் பாயும்.

– சரிங்க மேடம், நூறு. அடுத்த கட்டம்?

– பலவீனம். இல்லைன்னு எழுதறேன்.

– பலவீனம் இல்லாத மிருகம் என் புத்தகத்துல கிடையாது. ரூல்னா ரூல்தான். சொல்றேன், எழுது. ‘தன்னைச் சுமக்கிற கூட்டம் இளைச்சுப் போறதை இதால பாக்க முடியாது.’

– ஏன்டா இப்படியெல்லாம் பேசற? மூணு வருஷமா வாசக்கதவைத் திறந்ததும் ‘அக்கா, இன்னிக்கு என்ன எலும்பு?’ன்னு கேப்பியே, அதுக்குத்தானே வீட்டுக்கு ஓடி வர்றேன். நீ இல்லாத வீட்டுக்கு நான் எதுக்குடா திரும்பி வரணும்?

– அழாத, மை கலையும். எழுது. ‘ஒரு நாள், தானாவே கூட்டத்தை விட்டு விலகிப் போயிடும்.’

– இதை எழுத மாட்டேன். எல்லா எலும்பும் ஒரே குழியிலதான் கிடைச்சுது. கடைசி வரைக்கும் அது கூட்டத்தோடதான் இருந்திருக்கு. விலகிப் போச்சுங்கிறதுக்கு ஒரு ஆதாரமும் கிடையாது.

– இருக்கு. அண்ணனைத் திட்டாதக்கா. அவன் அழுதுக்கிட்டே போனை என் காதுல பிடிச்சான், அவ்வளவுதான். வேனை வரச் சொன்னது நான்.