வாடிக்கையாளர்கள் பேசக் கூடாது

...பேசாதம்மா. பேசாத. போர்டைப் பாத்தியா இல்லையா? "வாடிக்கையாளர்கள் பேசக் கூடாது." பெயிண்ட் வாங்கி என் கையாலயே எழுதினது. பேசினா எச்சி தெறிக்கும், எச்சியோட கிருமி தெறிக்கும். என்ன, இவ மட்டும் பேசுறாளேன்னு பாக்குறியா? நான் மாஸ்க்கு மேல மாஸ்க், அதுக்கு மேல மூஞ்சிக்குக் கண்ணாடித் தகடு, அதுக்கும் மேல நம்ம ரெண்டு பேருக்கும் நடுவுல இந்த பிளாஸ்டிக் ஷீட்டு. என் எச்சி உன்கிட்ட வரணும்னா பஸ் பிடிச்சுத்தான் வரணும். உக்காரு. உக்காரும்மா, ஏன் மேலயே பாத்துக்கிட்டு நிக்கிற?

கையைக் குடு. ஷீட்டுல ரெண்டு ஓட்டை இருக்கு பாரு, அதுக்குள்ள விடு. கொஞ்சம் உசரமாத்தான் இருக்கும். திருடனைப் பிடிக்கும்போது கையைத் தூக்குன்னுவாங்கல்ல, அப்படித் தூக்கு... ஆங், அவ்ளோதான். எல்லாம் எங்க வீட்டுக்காரர் கைங்கரியம். லாக்டவுன்ல மனுஷனுக்குத் திடீர்னு தச்சு வேலை மேல ஆசை வந்துருச்சு. மேசை உசரம் என்னன்னு ஒரு வார்த்தை கேக்கணும்ல? ஓட்டையைப் போட்டுட்டு வந்து காட்டுறாரு. அப்புறம் நான்தான் கிண்ணத்துக்கு அடியில டப்பா டப்பாவா அடுக்கி, ஒருவழியா கைக்கு எட்ட வெச்சேன்.

என் நாத்தனார் ஆபீஸ்ல வேலை பாக்குற பொண்ணுதானே நீ? அவ நேத்தே சொல்லிட்டா. "அண்ணி, என் ஃப்ரெண்டு ஒருத்தியை அனுப்புறேன், அவளை உக்கார வெச்சு, சோதனைக்கு வர்ற சுகாதார ஆபீஸருக்கு நகம் அழகு பண்ணிக் காட்டுங்க"ன்னா. கரெக்டா வந்துட்ட, சந்தோஷம். என்ன இப்படித் தலையாட்டுற? இது ஆமாவா, இல்லையா? இந்த மாஸ்க்கு, தொப்பி, அங்கி எல்லாத்தையும் மாட்டிவிட்டா ஒரு மனுஷி தலையாட்டுறதுகூட விளங்க மாட்டேங்குது. வெறும் ரெண்டு கண்ணுதான் தெரியுது. நல்ல கண்ணுதான். நீன்னே கூப்பிடுறேன், தப்பா எடுத்துக்காத, என் பொண்ணு வயசுதான் இருக்கும் உனக்கு.

பையைக் கதவுகிட்டயே பிடுங்கி கவர்ல போட்டு ஒட்டிட்டேன்னு கோவமா? அது சட்டம்மா. வெளிய இருந்து வர்ற சாமான் எதுவும் உள்ள வரக் கூடாது. ஆனா ஒண்ணு சொல்றேன், என்னா கனம் உன் ஹேண்ட்பேக்கு! தூக்கினதுல என் தோள்பட்டை கழண்டு போச்சு. உள்ள கல்லு கில்லு வெச்சிருக்கியா? ஆபீஸ் போற பொண்ணுங்க பையில என்னதான் இருக்குமோ.

சரி, தண்ணி வெதுவெதுன்னுதான் இருக்கு, ஊறட்டும். எடுக்காத, எடுக்காத. அய்யோ, கையா இது? என்னம்மா இப்படிக் கிடக்கு? நகத்துக்குள்ள பூரா கருப்பு. உள்ளங்கை காச்சுப்போயிருக்கு. இங்க ஒரு வெட்டு, இங்க ஏதோ சுட்ட தழும்பு... ஆபீஸ்ல உக்காந்து டைப் அடிக்கிறவ கை மாதிரியா இருக்கு? எனக்குத் தெரியும், லாக்டவுன்ல எல்லாரும் எதையாவது ஒண்ணைக் கிளப்பிட்டீங்க. நீ தோட்டம் போட்டிருப்ப. இல்லன்னா அடுப்பைக் கழட்டிப் போட்டுத் தேச்சிருப்ப. நான் என்ன பண்ணேன்னு சொல்லவா? வெளிய சொல்லிடாத. கேரட்டை வரிசையா அடுக்கி பாலிஷ் போட்டேன். நிஜமாத்தான். அதுவும் சலிச்சுப்போய், எங்க வீட்டுக்காரர் தூங்கும்போது அவர் கால் விரல் அஞ்சுக்கும் ரோஸ் கலர் அடிச்சு விட்டுட்டேன். அது தெரியாம செருப்பைப் போட்டுக்கிட்டு மருந்துக் கடை வரைக்கும் போயிட்டு வந்துட்டாரு. ரெண்டு நாள் என்கூடப் பேசலை. பேசலைன்னா போகட்டும்னு அடுத்த காலுக்கும் அடிச்சேன்.

சிரிக்கிறியா? சிரிக்கலாம், சத்தம் வராம சிரி.

ஏன் திரும்பத் திரும்ப மேலயே பாக்குற? ஒட்டடையா இருக்கு? ஓ, ஃபேனா. ஆமாம்மா, நல்லாப் பாரு. அந்த எக்ஸாஸ்ட் ஃபேன்தான் என் உசுரை வாங்குது. கெட்ட காத்தை வெளிய தள்ளணுமாம், அது ஓடினாத்தான் கடையைத் திறக்க விடுவாங்களாம். மேசை ஃபேனும் போடக் கூடாது, ஒருத்தர் மூச்சைக் கொண்டுபோய் இன்னொருத்தர் மூக்குல அடிக்குமாம். சரி, அதையும் மூட்டை கட்டி வெச்சுட்டேன். முதல் தடவை அந்த சுகாதார ஆபீஸர் வந்தப்போ தரையில கோடு சரியில்லன்னு போயிட்டாரு. ரெண்டாவது தடவை எல்லாம் சரி, சுவிட்சைப் போட்டா ஃபேன் ஒரு இருமு இருமிட்டு நின்னுபோச்சு. "அடுத்த தடவையும் ஓடலைன்னா என்னால ஒண்ணும் செய்ய முடியாதும்மா, கடையை மூடிட வேண்டியதுதான்"னு சொல்லிட்டாரு. இன்னிக்கு மதியம் வர்றாரு. எங்க வீட்டுக்காரர் நேத்தே டேப்பை எடுத்துட்டு வந்து இந்த ரூமை அளந்து பாத்துட்டுப் போயிட்டாரு, மரப்பலகை அடுக்கி வெக்கிறதுக்கு.

அந்த ஃபேன் கடைக்காரன் இருக்கானே, அவனை என்ன சொல்றது? காலையில முதல் வேலையா மெக்கானிக்கை அனுப்புறேன்னான். எங்க? ஆளையே காணோம். இரு, இப்ப மறுபடி போன் போடுறேன், ஸ்பீக்கர்ல வேணாம், அவன் குரல் கடை பூரா கேட்டா எனக்கு எரியும்... ஹலோ? என்னப்பா, உங்க ஆளு வருவானா, மாட்டானா? ... என்னது? ... வந்தாச்சா? எங்க வந்தாச்சு? ... என் கடைக்குள்ளயா? யார்கிட்ட காது குத்துற நீ? என் கடைக்குள்ள நானும் ஒரு கஸ்டமரும்தான் இருக்கோம், மூணாவதா ஒரு கொசுகூட இல்ல. வை போனை.

பாத்தியா? கூசாம பொய் சொல்றான். ஆளு உள்ளதான் இருக்குன்னு சாதிக்கிறான். நீயே சாட்சி... ஏம்மா கையை உதறுற? தண்ணி ஆறிப்போச்சா? சரி எடு. துடைச்சுவிடுறேன். நெளியாத, நகத்தோரத் தோலைத் தள்ளும்போது நெளிஞ்சா வலிக்கும்.

கொஞ்சம் மெதுவாத்தான் பண்றேன். பயப்படாத, வேலை மறக்கலை. ரொம்ப நாள் கழிச்சு ஒரு கையைப் பிடிக்கிறேன்ல, அதான். உண்மையைச் சொல்லட்டுமா? கலர் அடிக்கிறது இல்லம்மா எனக்கு முக்கியம். இந்தக் கை பிடிக்கிறதுதான். வர்றவங்க முதல்ல விறைச்சுக்கிட்டு உக்காருவாங்க, கொஞ்ச நேரத்துல கை அப்படியே தளர்ந்து கனமா என் கையில உக்காரும். அதுக்கப்புறம் மாமியார் சண்டை, மருமக சண்டை எல்லாம் வெளிய வரும். அது இல்லாம பைத்தியம் பிடிச்சுருச்சு எனக்கு. உன் கையும் இப்பத்தான் தளருது. வெச்சுக்க, அப்படியே வெச்சுக்க.

யாரு அது ஜன்னல்ல தட்டுறது? என்ன ஒரு அவசரம் பாரு. ஏம்மா, வெளிய நில்லு! ஒரு நேரத்துக்கு ஒரு ஆளுதான்! போர்டைப் படி! ... கையை ஆட்டுறா, போனைக் காட்டுறா, என்னமோ என் சொந்தக்காரி மாதிரி சிரிக்கிறா. போ, போ, நாளைக்கு வா. ... அப்பாடா, போயிட்டா. மூஞ்சியைத் தூக்கிட்டுப் போறா பாரு. கடை திறக்கவே இல்ல, அதுக்குள்ள இடிச்சுக்கிட்டு வர்றாளுங்க.

கலர் என்ன போடட்டும்? பேசாத, காட்டு. இந்த வெளிறின கலரா? வேணாமா? இந்தச் சிவப்பா? அட, இவ்ளோ நேரம் திருதிருன்னு முழிச்சவ இதுக்கு மட்டும் டக்னு விரலை நீட்டுற! நல்ல செலக்‌ஷன். உன் கைக்கு எடுப்பா இருக்கும். ஆடாம இரு. ஒரு கோட்டிங்... இந்த விரல்... சுண்டுவிரல் நகம் உடைஞ்சிருக்கு, பரவால்ல, வளரும். ரெண்டாவது கோட்டிங்கும் போட்டுடலாம். பாரேன், தேய்ச்சு எடுத்ததும் எவ்ளோ அழகான நகம் உள்ள இருந்திருக்கு. இப்ப எதையும் தொடக் கூடாது. காயுற வரைக்கும் ஒண்ணையும் தொடாத.

இரு, போன் அடிக்குது. நாத்தனார்தான். சொல்லும்மா, உன் ஃப்ரெண்டு வந்துட்டா, தங்கமான பொண்ணு, ஒரு வார்த்தை பேசலை... என்னது? ... விரட்டிட்டேனா? யாரை நான் விரட்டினேன்? ... ஜன்னல்லயா? ... பச்சைத் துப்பட்டா... ஆமா, பச்சைதான்... அடக் கடவுளே. அவதான் உன் ஃப்ரெண்டா? ... அப்போ...

அப்போ நீ யாரு?

மேல பாக்காத, என்னைப் பாத்துச் சொல்லு. ... மறுபடியும் மேலயே காட்டுற... ஃபேனா? ... ஃபேனு...

அய்யய்யோ. அந்தப் பை. அந்தக் கனம். இரு, நானே கவரைப் பிரிக்கிறேன். ... ஸ்க்ரூடிரைவர், ஸ்பேனரு, ஒயரு... ஏம்மா, அவன் ஒரு பொண்ணை அனுப்புறேன்னு சொல்லலையே. மெக்கானிக்கை அனுப்புறேன்னான், நான் மீசை வெச்ச ஆளைல்ல எதிர்பாத்துக்கிட்டு இருந்தேன்! சொல்லித் தொலைக்கக் கூடாதா? ... ஆமா, போர்டு. நான்தான் எழுதினேன், தெரியுது, நீ வேற காட்டாத. சரி, எழுதிக் காட்டியிருக்கலாம்ல? ... ஆமா, ரெண்டு கையையும் நான்தான் தண்ணிக்குள்ள போட்டு வெச்சிருந்தேன். மதியமாகிப்போச்சு. ஃபேன் ஓடாம கிடக்கு, ஃபேன் ரிப்பேர்காரிக்கு சிவப்புக் கலர்ல ரெண்டு கோட்டிங்! எங்க வீட்டுக்காரர் பலகையை இறக்கவே ஆரம்பிச்சிருப்பாரு.

ஆனா நீ எந்திரிச்சாவது போயிருக்கலாமே. நான் என்ன கட்டியா வெச்சிருந்தேன்? உள்ள தள்ளி உக்கார வெச்சேன், சரி. அதுக்கப்புறம் ஏன் அசையாம உக்காந்திருந்த? பேசும்மா. பேசு, போர்டு கிடக்கட்டும், நான் சொல்றேன் பேசு. ... சத்தமா சொல்லு, மாஸ்க்குக்குள்ள கேக்கல.

...

யாருமேவா? லாக்டவுன் ஆரம்பிச்சதுல இருந்தா? ... தனியாத்தான் இருக்கியா? ... ரிப்பேருக்குப் போற வீட்டுலயும் தள்ளி நில்லு, தள்ளி நில்லுன்னு... ம். கதவு வழியா சாமானை நீட்டுவாங்களா... ம். ஒருத்தர்கூடக் கையைத் தொடலையா.

அதான் விடலையா. நான் பிடிச்சதும், எடுக்க மனசு வரலையா.

இந்தப் பாரு, அழாத. மாஸ்க் நனைஞ்சா மாத்தணும், புது மாஸ்க் உள்ள இருக்கு. நான் அழலை, தகட்டுக்குள்ள புழுக்கமா இருக்கு, அதான் வேர்க்குது. ... எங்க எந்திரிக்கிற? ஸ்க்ரூடிரைவரை வை கீழ. வைங்கிறேன்ல? பாலிஷ் பச்சையா இருக்கு, பிடிச்சின்னா மொத்தமும் ஈஷிக்கும். அஞ்சு நிமிஷ வேலைதான்னு எனக்கும் கேக்குது, அதை ஆற அமரப் பண்ணலாம்.

அய்யோ, கதவு... வந்துட்டாரு, ஆபீஸர் வந்துட்டாரு. கையில அட்டையும் பேனாவுமா நிக்கிறாரு. முதல் பார்வையே ஃபேன் மேலதான் போகுது பாரு. நீ உக்காரு. விரலை விரிச்சு வெச்சுக்கிட்டு அப்படியே உக்காரு. நான் பேசிக்கிறேன்.

வாங்க சார், வணக்கம். ஆமா சார், ஓடலை. மெக்கானிக் உள்ளதான் இருக்காங்க. ... தெரியும் சார், நீங்க சொன்னது எல்லாம் ஞாபகம் இருக்கு, மூடுறதுன்னா மூடிக்கங்க. ஆனா இப்ப உள்ள வராதீங்க. ஒரு நேரத்துக்கு ஒரு ஆளுதான். கொஞ்சம் வெளிய நில்லுங்க சார், அந்தப் பொண்ணுக்கு நகம் காயணும்.