முப்பத்தெட்டு விநாடி

என்னைத் தெரிந்தவர்கள் எல்லோரும் நான் பொறுமைசாலி என்று சொல்வார்கள். மழையில் பஸ் தாமதமானாலும் முணுமுணுக்காமல் நிற்கிற ஆள் இந்த மருதாசலம். அதனால் நிதானமாகவே சொல்கிறேன் ஐயா, எழுதிக்கொள்ளுங்கள்.

மலைமேல் வளப்பூர் நாடு என்கிற ஊர்ப்பகுதியில் எங்களுடையது சின்ன அலுவலகம். நானும் தேன்மொழியும் மட்டும்தான். மலைப்பாதையில் மண் அசைந்தால் கொண்டை ஊசி வளைவில் சிவப்பு விளக்கு எரியும்; அதை எரியவைக்கும் மென்பொருள் எங்களுடையது. அதற்கு நூற்றுக்கணக்கான சின்னச் சின்ன பேக்கேஜுகள், அதாவது தனித்தனி நிரல் துண்டுகள், வேண்டும். அவற்றை இறக்கி, ஒன்றோடொன்று கோத்து, கணினியில் நிறுவ ஒரு கருவி தேவை. அந்தக் கருவியை ஆறு வருடம் உட்கார்ந்து எழுதியவன் நான். தேன்மொழிக்கு நிரல் எழுதக் கற்றுக்கொடுத்ததும் நான்தான்.

ஆடி மாதம் அவள் ஒரு தாளை நீட்டினாள். இரண்டு கருவிகளை ஒப்பிட்ட அட்டவணை. புதுக் கணினியில் எல்லாவற்றையும் நிறுவி முடிக்க என்னுடையதற்கு நான்கு நிமிடம். அவளுடையதற்கு முப்பத்தெட்டு விநாடி. எட்டு மாதமாக எனக்குத் தெரியாமல் எழுதியிருக்கிறாள். எங்களுக்கு வேலை கொடுத்தவர்கள் அந்தத் தாளை எனக்கு முன்பே பார்த்துவிட்டார்கள்.

"சொன்னா மனசு சங்கடப்படுவீங்கன்னுதான் சொல்லலீங்கண்ணா," என்றாள்.

முதுகில் குத்திவிட்டு என் மனசைப் பற்றிப் பேசினாள். எனக்குக் கோபம் வரவில்லை. வலித்தது, அவ்வளவுதான்.

வேலை கொடுத்தவர்கள் ஒரு நாள் நேரில் வந்து இரண்டு கருவிகளையும் ஓடவிட்டுப் பார்ப்பதாக இருந்தது. மண் அசைவைக் கணிக்கும் பேக்கேஜ் என் பொறுப்பில் இருந்தது. அதில் ஒரு வரி சேர்த்தேன். அவள் கருவி கூப்பிட்டால் மட்டும் அது இருபது நிமிடம் சும்மா நிற்கும். ஒப்பீட்டு நாளுக்காகச் சேர்த்தது, வேறெதற்கும் இல்லை.

அதற்கு முந்தைய நாள் மதியம் இடி விழுந்து, விளக்கை எரியவைக்கும் கணினி கருகியது. மழை கொட்டிக்கொண்டிருந்தது. தேன்மொழி புதுக் கணினியை வைத்துத் தன் கருவியை ஓட்டினாள். எட்டு நிமிடமாகியும் முடியவில்லை.

"ஏனுங்கண்ணா, இப்பிடி நிக்குதே? இது முடியாம வெளக்கு எரியாதுங்களே. நாலு மணி பஸ்ஸு வேற மேல வந்துட்டிருக்குது."

அந்த வரியை அழிக்க அரை நிமிடம் போதும். ஆனால் அழித்தால் அவளுக்குத் தெரிந்துவிடும். என்னைப் பற்றி என்ன நினைப்பாள்?

"நான் போயி வளைவுல நின்னு பஸ்ஸ நிறுத்தறனுங்க. நீங்க இதப் பாத்துக்குங்க," என்று சிவப்புத் துண்டை எடுத்தாள்.

"பாத்துப் போ கண்ணு," என்றேன். என் குடையையும் கொடுத்தேன்.

பஸ்ஸை நிறுத்திவிட்டாள். உள்ளே இருந்த ஒருவருக்கும் கீறல்கூட இல்லை. பாறை அவள் நின்ற இடத்தில் விழுந்தது. அந்த நேரம் நான் திரைக்கு முன்னால் உட்கார்ந்து, அவள் கருவிக்கு ஆன நிமிடங்களைக் குறித்துக்கொண்டிருந்தேன்.

அந்த வரியை எழுதியது நான்தான் ஐயா, மறுக்கவில்லை. ஆனால் இதையும் சேர்த்து எழுதுங்கள். அன்று என் கருவியைப் போட்டிருந்தால் நான்கே நிமிடத்தில் விளக்கு எரிந்திருக்கும், அவளும் உயிரோடு இருந்திருப்பாள். அண்ணா என்று வாய் நிறையக் கூப்பிட்டவள், என்னை நம்பியிருக்க வேண்டாமா?