மூன்றாம் ஓலையும் தொட்டி நத்தைகளும்

உங்கள் சமையல்காரர் பென்னியிடம் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள் ஃபாதர், காபியில் சிக்கரியை அள்ளிக் கொட்டுகிறார். ஏற்காட்டில் இருந்துகொண்டு இப்படியொரு காபி குடிக்க வேண்டுமென்று நமக்கு என்ன தலையெழுத்து? சரி, நான் வந்தது அதற்கில்லை. நாளை ஞாயிறு காலைப் பூசையில், தடை இருந்தால் சொல்லுங்கள் என்று என் தம்பியின் கல்யாண ஓலையைப் படிக்க வேண்டாம். முதல் ஓலையும் இரண்டாம் ஓலையும் படித்தாயிற்று, போகட்டும். மூன்றாவது வேண்டாம்.

இதைச் சொல்ல ஏன் பாவத்தை அறிக்கையிடுகிற பாவசங்கீர்த்தனத் தொட்டிக்கு வந்து முழந்தாளிட வேண்டும் என்று நினைப்பீர்கள். சொல்கிறேன்.

டோமினிக்கை உங்களுக்குத் தெரியும். தலைச்சோலைப் பக்கம் எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டர். ஐம்பதைத் தாண்டிவிட்டான், இன்னும் சாக்ஸ் எங்கே என்று என்னைத்தான் கேட்பான். அம்மா போனபின் அவனை வளர்த்தவள் நான். எனக்கும் கல்யாணம் காட்சி இல்லை, பள்ளிக்கூடமும் அவனுமாகவே காலம் போயிற்று. அவனுக்கு இருக்கிற ஒரே கிறுக்கு ஹாலில் உள்ள மீன் தொட்டி. அதில் ஓர் ஏஞ்சல் மீன் ஜோடி. அவன் விரலை நீட்டினால் வந்து இரை வாங்கும்.

அப்படியிருக்க, மாரமங்கலத்து அற்புதம் வந்து சேர்ந்தாள். தையல் மிஷினை வைத்துப் பிழைக்கிறவள், நாற்பத்தைந்து வயது, முன்னும் பின்னும் யாருமில்லை. நல்ல பெண்தான், நான் குறை சொல்ல மாட்டேன். நிச்சயமானதும் தொட்டிக்கென்று சேலத்திலிருந்து நீர்ச்செடி வாங்கி வந்தாள். பத்துப் பதினைந்து நாளில் கண்ணாடியெல்லாம் நத்தை.

எனக்கு உள்ளுக்குள் குளிர்ந்துவிட்டது. தன் தொட்டியில் ஒரு தூசி விழுந்தாலும் முகம் சுளிக்கிறவன், இனி அவளை ஒரு வழி பண்ணிவிடுவான் என்று நினைத்தேன். அவனோ காபிக் காயில் பூச்சி ஓட்டை பார்க்கிற லென்ஸோடு ஒரு நத்தையைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான்.

“ஓட்டோட கூர் மேல இருக்கோணும், வாய் நம்மளப் பாக்கோணும். இப்பப் பாரு அற்புதம், வாய் இடப்பக்கம் இருக்குதா? இது செடியோட வர்ற நத்தை. மீனை ஒண்ணும் பண்ணாது. ஆனா ஒண்ணு இருந்தாப் போதும், அதுவே முட்டை வெச்சுப் பெருகிரும்.”

“ஏனுங்க, அப்ப இதுக்குக் கல்யாணமே வேண்டாமுங்களா?” என்றாள் அவள். இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவன் அப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை. எனக்கு வயிறு எரிந்தது, அதையும் பாவக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மீனுக்கு இரையைக் குறைத்தால் நத்தை தானாகக் குறையும் என்றான். மாலையில் வெள்ளரித் துண்டைத் தொட்டிக்குள் போட்டு வைத்து, விடிந்ததும் அதில் மொய்த்திருப்பதை அப்படியே எடுத்துவிடுவான். அவன் குறைத்த இரையை அவன் வேலைக்குப் போனபின் நான் கூட்டினேன். நத்தை பெருகிற்று. பெருகப் பெருக, பொறுக்கி எடுக்க ஒத்தாசைக்கென்று அவளைத்தான் வரச் சொன்னான். அந்தக் கணக்கில் நான் கோட்டை விட்டுவிட்டேன்.

ஒருநாள் அற்புதம் சொன்னாள்: “கொஞ்சம் மயில்துத்தம் போட்டா என்னுங்க? நத்தை சுத்தமா ஒழிஞ்சிருமில்லீங்க.” காபிச் செடிக்குச் சுண்ணாம்போடு கலந்து அடிக்கிற நீலக் கல்தான், எங்கள் ஷெட்டில் எப்போதும் இருக்கும்.

“ஐயையோ, அதுமட்டும் வேண்டாம். மீனும் சேந்து போயிரும்” என்றான் டோமினிக். நான் அடுப்பங்கரையில் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தேன். காதில் விழுந்தது.

போன ஞாயிறு அவள் முதல் பஸ்ஸில் வந்தாள். இவன் சட்டை மாற்றும்வரை ஹாலில் தனியாகத்தான் உட்கார்ந்திருந்தாள். பிறகு பையை அங்கேயே வைத்துவிட்டு, இருவரும் இரண்டாம் ஓலை கேட்கக் கோயிலுக்கு வந்தார்கள். எனக்கு முழங்கால் வலி என்றேன். வலி உண்மைதான் ஃபாதர், நான் பொய் சொல்கிறவளில்லை. மயில்துத்தத்தை வெந்நீரில் கரைத்துத் தொட்டியில் ஊற்றினேன். நல்ல நிறம். பொட்டலக் காகிதத்தை அவள் பையில் செருகிவிட்டுச் சோற்றுக்கு உலை வைத்தேன்.

அவர்கள் திரும்பி வந்தபோது ஏஞ்சல் ஜோடி பக்கவாட்டில் சாய்ந்து கிடந்தது. டோமினிக் தண்ணீருக்குள் கையை விட்டு ஒன்றை ஏந்திக்கொண்டு அழுதான். அவன் முகத்தைத் துடைக்கக் கைக்குட்டை எடுக்க அவள் பையைத் திறந்தாள். காகிதம் கீழே விழுந்தது.

“சத்தியமா நான் போடலீங்க. அக்கா, நீங்களாச்சும் சொல்லுங்க்கா.”

அவளை அணைத்துக்கொண்டேன். “உடு கண்ணு, தெரியாமப் பண்ணீட்ட. ஒத்துக்கிட்டா முடிஞ்சு போச்சு” என்றேன்.

“நான் பண்ணலீங்க்கா” என்றாள் மறுபடியும்.

டோமினிக் சத்தமே போடவில்லை. “மீனு போனாப் போகுது அற்புதம். எம் மூஞ்சியப் பாத்துப் பொய் சொல்றயே” என்றான். தப்பை மன்னிப்பான், பொய்யை மன்னிக்க மாட்டான். நான் வளர்த்த வளர்ப்பு அப்படி. அவளைப் பஸ் ஏற்றிவிட்டது நான்தான். “எனக்கு வேற யாரும் இல்லீங்க்கா” என்று அழுதாள். அதனால் எனக்கு அவளைப் பற்றிக் கவலையில்லை, தனியாக இருந்து பழகியவள்.

இவனைத்தான் நம்ப முடியவில்லை. ஆறு நாளாகச் சாப்பாடு இறங்கவில்லை. அவசரப்பட்டுவிட்டேனா என்று புலம்புகிறான். நேற்று ஆத்தூர் வரனை நினைத்துக்கொண்டான், அதற்கு முன்னே கொட்டச்சேட்டு வரனையும். அந்த இரண்டும் ஏன் தட்டிப்போயின என்று அவனுக்கு இன்றுவரை தெரியாது. ஆத்தூர்க்காரர்களிடம் அவனுக்கு வலிப்பு உண்டு என்று சொன்னேன். கொட்டச்சேட்டுக்காரர்களிடம் குடிப்பான் என்றேன். அப்போதெல்லாம் வேலை இன்னும் சுலபம், மீன் ஒன்றும் சாகவில்லை.

இன்று சாயங்காலம் உங்களிடம் யோசனை கேட்க வருகிறான். உங்களுக்கு அவனைப் பிடிக்கும், அவன் கண்முன்னே தானே பையைத் திறந்த பெண் காகிதத்தை ஒளித்து வைத்தவளாக இருப்பாளா என்று நீங்கள் கேட்டுவிடுவீர்கள். அதனால்தான் முந்திக்கொண்டு வந்து முழந்தாளிட்டேன். இந்தத் தொட்டியில் கேட்டதை நீங்கள் யாரிடமும் வாய் திறக்கக் கூடாது. மன்னிப்புத் தராவிட்டாலும் கூடாது. முப்பது வருஷம் கோயில் பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் நடத்தியவள், எனக்குத் தெரியாதா?

மூச்சு வாங்குகிறதே ஃபாதர், தண்ணீர் குடியுங்கள். தம்பிக்குப் புது ஏஞ்சல் ஜோடி சொல்லி வைத்திருக்கிறேன், வந்தால் சரியாகிவிடுவான். பாவம், பிறந்ததிலிருந்து அவனுக்கு எதுவுமே அமையவில்லை. நல்ல வேளை, நான் இருக்கிறேன்.