கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னேன்

எனக்குச் சர்க்கரை இருக்கிறது, ஐயா. டீ வேண்டாம். நீங்கள் குடித்துக்கொண்டே எழுதுங்கள், நிதானமாகச் சொல்கிறேன்.

தோப்புக்குப் போகும் வண்டித்தடத்தில் வேலி போட்டான் என்று தம்பி சுரேந்தரை வெட்டிக் கொன்றதற்காகப் பதினாலு வருடம் ஜெயிலில் இருந்தேன். அவன் மனைவி ராமாமணிதான் சாட்சி. கூண்டில் நின்று என்னைக் கைகாட்டியபோது அவள் குரல் நடுங்கவேயில்லை. அது எனக்குப் பிடிக்கவில்லை.

முன்விடுதலைக்கு என் பெயர் போனபோது, மனநல ஆலோசகர் டெய்சி ஒரு கேள்வித்தாளோடு வந்தார். வெளியே போனால் மறுபடி குற்றம் செய்வோமா என்று அது கண்டுபிடித்துவிடுமாம், எங்களையே கேட்டு. பாலுக்குப் பூனை காவல் என்பார்கள். இங்கே பூனையிடம் கையெழுத்தும் வாங்கிக்கொண்டார்கள்.

"அடிக்கடி கோபம் வருமா?"

"வராதுங்க மேடம்."

உண்மைதான். தம்பியை வெட்டிய அன்றுகூட வரவில்லை. வெட்டிவிட்டு, தென்னைக்குத் தண்ணீர் மாற்றிவிடப் போனேன்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த மரியஅந்தோணி, குடிபோதையில் ஒருவனைத் தள்ளிவிட்டுச் சாகடித்தவர். "எப்பவாச்சும் வருதுங்க, எனக்கே பயமா இருக்குதுங்க" என்றார். 'ஆபத்து அதிகம்' என்று எழுதிவிட்டார்கள். இன்னும் உள்ளேதான் இருக்கிறார், பாவம். உண்மை பேசவும் ஒரு பக்குவம் வேண்டும்.

"வெளியே போனதும் முதல்ல என்ன செய்வீங்க?"

"ராமாமணிய நேர்ல போய்ப் பாக்கோணுங்க."

டெய்சிக்குக் கண் கலங்கிவிட்டது. 'மனம் திருந்தியவர்' என்று எழுதினார். வார்த்தைக்கு வார்த்தை மரியாதை கொடுக்கிறவன் யாரையும் ஒன்றும் செய்யமாட்டான் என்று எங்கள் பக்கம் எல்லோருக்கும் ஒரு நம்பிக்கை.

விடுதலையாகி, வெள்ளிக்கிழமை காலை துடியலூரில் பஸ் இறங்கி நடந்தேன். ராமாமணி மாட்டுக்குச் சோளத்தட்டு நறுக்கிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் முகம் வெளுத்துப்போனது. ஆனாலும், வீடு தேடி வந்தவனை எங்கள் ஊரில் வாசலில் நிற்க வைக்கமாட்டார்கள்.

"வாங்க மாமா" என்றாள். சொம்பில் தண்ணீர் கொடுத்தாள். முழுவதும் குடித்தேன்.

"சாப்புட்டுப்போட்டுப் போங்க" என்று அடுப்படிப் பக்கம் திரும்பினாள். தட்டு நறுக்கிய கொடுவாளை எடுத்தேன். இரண்டாவது வெட்டு தேவைப்படவில்லை.

டெய்சியைத் திட்டாதீர்கள். முதலில் என்ன செய்வாய் என்று கேட்டார், சொன்னேன். பார்த்த பிறகு என்ன செய்வாய் என்று கேட்டிருந்தால் அதையும் சொல்லியிருப்பேன். எனக்குப் பொய் வராது. தாளில் ஒரு கேள்வி குறைந்துபோனதால் ராமாமணி செத்தாள், ஐயா. இதில் நான் செய்த தப்பு என்ன?