புதுப் பெட்டியில் கேட்ட தட்டல்

நான் கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிறவன். ‘இது தெளிவா இருக்கா, அது தெளிவா இருக்கா’ என்று நாள் முழுக்கக் கேட்பதுதான் என் பிழைப்பு. அதனால் வித்தியாசம் என்று ஒன்று இருந்தால் எனக்குத் தெரிந்துவிடும் சார்.

டிஜிட்டல் ஃபைலைப் பாட்டாக மாற்றித் தரும் பெட்டி ஒன்று புதிதாக வாங்கினேன். பழையதும் நல்ல பெட்டிதான்; இரண்டையும் இணைத்து, வேண்டியதற்கு மாற்றிக்கொள்ள ஒரு குமிழ் வைத்திருந்தேன். புதியதில் இன்னும் நுணுக்கமாகக் கேட்கும் என்றார்கள். அண்ணன் நம்பவில்லை. நுரையீரல் கெட்டு ஒரு வருஷமாகப் படுக்கையில் கிடந்தாலும் அவருக்கு நக்கல் மட்டும் குறையவில்லை.

“பெட்டியத்தானடா மாத்தின? காதையா மாத்தின?” என்றார். அண்ணியும் சிரித்தார். எனக்குச் சுருக்கென்றது.

குறை என் காதில் இல்லை. அண்ணனின் ஆக்ஸிஜன் மெஷின் எங்கள் இரண்டு அறைகளுக்கும் வெளியே, நடையில் ஓடிக்கொண்டிருக்கும். குழாய் மட்டும் அவர் அறைக்குள் போகும். அந்த இரைச்சலில் எந்தப் பெட்டியும் தோற்றுப்போகும்.

செவ்வாய்க்கிழமை மதியம் அண்ணி மருந்துக் கடைக்குப் போனார். மெஷினை நிறுத்தினேன். கரண்ட் போனால் அது கத்தும், அதற்கென்று ஒரு சின்ன பேட்டரி உண்டு. அதையும் கழற்றி வைத்தேன். ஐந்து நிமிடத்துக்கு மேல் நிறுத்தக் கூடாது என்று டாக்டர் சொன்னது நினைவிருந்தது. பாட்டு நாலரை நிமிடம்தான். நான் ஒன்றும் பொறுப்பில்லாதவன் அல்ல.

கதவைச் சாத்திக்கொண்டு கேட்டேன். இருபது வருஷமாகக் கேட்கும் பாட்டு. மூன்றாவது நிமிடத்தில், வயலினுக்குப் பின்னால், யாரோ விரலால் தாளம் போடுவது கேட்டது. பழைய பெட்டியில் ஒருநாளும் கேட்டதில்லை. சந்தோஷத்தில் எனக்குக் கண் கலங்கிவிட்டது.

ஒரு தடவை கேட்டால் பிரமை என்பார்கள். அண்ணன் கட்டாயம் சொல்வார். அதனால் மறுபடி முதலிலிருந்து போட்டேன். இந்தத் தடவை தட்டல் முதல் வரியிலேயே இருந்தது, தாளம் கொஞ்சம் தப்பி. பிறகு நின்றுவிட்டது. பாட்டை முழுதாகக் கேட்டேன்.

முடிந்ததும் அண்ணனிடம் சொல்ல ஓடினேன். அவர் கை எங்கள் இரண்டு அறைக்கும் நடுவிலுள்ள சுவரோரம் கிடந்தது. விரல் முட்டிகளில் சுண்ணாம்பு ஒட்டியிருந்தது.

பெட்டி மாற்றும் குமிழ் பழைய பெட்டியின் பக்கமே இருந்தது என்கிறீர்கள். போட்டோவும் காட்டினீர்கள். அவசரத்தில் திருப்ப மறந்திருக்கலாம். மெஷினை நிறுத்தியது நான்தான், திரும்பப் போடாததும் நான்தான். எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் அந்தத் தட்டல் பாட்டில்தான் இருந்தது சார். இப்போது வீட்டில் ஒரு சத்தமும் இல்லை. நீங்களே ஒருமுறை போட்டுக் கேளுங்கள்.