லத்தி முதுகைத் தொட்ட மூன்று இடங்கள்

பெயர்: பீரோ மாமா. பெற்றோர் வைத்த பெயர் அடையாள அட்டையில் இருக்கிறது. காவல் நிலைய எழுத்தர் அதைத் தனியாகக் குறித்துக்கொண்டார். வயது: அறுபத்தொன்று, பார்வைக்கு ஐம்பது, மாடிப்படி ஏறும்போது நாற்பது. தொழில்: இரும்பு பீரோ, கட்டில் விற்பனை. விலாசம்: பஞ்சர் கடைக்கு எதிர்ச் சந்து, லிஃப்ட் இல்லாத கட்டடம், நான்காம் மாடி.

நான் மேற்படி விலாசத்தில் மனைவி, மகன், மருமகளுடன் குடியிருந்து வருகிறேன். என் மருமகள் பஞ்சர் கடைக்கு மேல்மாடியில் உடற்பயிற்சிக் கூடம் நடத்தி வருகிறாள். அதற்குரிய படிப்பைப் படித்து, வாங்கிய சான்றிதழைக் கண்ணாடிச் சட்டம் போட்டு வாசலுக்கு நேரே மாட்டியிருக்கிறாள். உறவுக்காரன் சொல்லும் சாட்சி எப்படி எடுபடும் என்று ஆய்வாளர் அய்யா முதலில் கேட்டார். வீட்டில் அவள் எனக்கு மருமகள் என்றும், கூடத்தில் அவள் எனக்கு எமன் என்றும், நான் பொய் சொல்வதாக இருந்தால் அவளுக்கு எதிராகத்தான் சொல்லியிருப்பேன் என்றும் பதில் சொன்னேன். அதை அப்படியே எழுதும்படி எழுத்தரைக் கேட்டுக்கொண்டேன். எழுதினார்.

நான் அந்தக் கூடத்தில் சேர்ந்த காரணம் பின்வருமாறு. சென்ற வருடம் என் வயிறு எனக்கு முன்பாகவே வீட்டுக்குள் நுழைந்து என் மனைவியிடம் நலம் விசாரித்துவிடும் நிலையில் இருந்தது. ஒரு நாள் கடையில் மூன்று கதவு பீரோ ஒன்றை நகர்த்துகிறேன் பேர்வழி என்று குனிந்தவன், குனிந்தது குனிந்தபடியே நின்றுவிட்டேன். வாடிக்கையாளர் என்னையும் ஒரு சாமான் என்று நினைத்து விலை கேட்டார். அதன் பிறகு மருத்துவரைப் பார்த்து, வலி போனதும் மருமகளின் கூடத்துக்குப் போனேன். இரும்புக் குண்டுகளைத் தூக்கி எறிந்து கட்டடத்தையே ஆட்டிவிடுவது என்ற உறுதியோடு போன என் கையில் அவள் கொடுத்தது தரை துடைக்கும் மாப்பின் குச்சி. மாப்பைக் கழற்றிவிட்டு வெறும் குச்சி.

அந்தக் கூடத்தின் சட்டம் அதுதான். யார் வந்தாலும், எவ்வளவு பெரிய புஜம் வந்தாலும், முதலில் குச்சி. அதை முதுகோடு சேர்த்து நெட்டுக்குத்தலாகப் பிடிக்க வேண்டும். பின்னந்தலை, தோள்பட்டைகளுக்கு நடுவே, முதுகின் கடைசி எலும்பு ஆகிய மூன்று இடங்களிலும் குச்சி தொட வேண்டும். அப்படியே இடுப்பை மடக்கிக் குனியும்போது மூன்றில் ஒன்றுகூட விலகக் கூடாது. விலகினால் முதுகு வளைகிறது என்று அர்த்தம். குச்சி விலகாமல் குனியத் தெரிந்த பிறகுதான் எடையைத் தொட விடுவாள். எனக்குக் குச்சி விலகாமல் இருக்கப் பல வாரங்கள் ஆயின. கையில் சாமான் இருக்கும்போது பின்பக்கத்தால் பீரோ கதவைத் தள்ளிச் சாத்துவோமே, அந்த மாதிரி இடுப்பைப் பின்னால் தள்ளினால் போதும் என்று நானே கண்டுபிடித்த அன்று, பூமி உருண்டை என்று கண்டுபிடித்தவனுக்குக்கூட அவ்வளவு பெருமிதம் இருந்திருக்காது.

அதன் பிறகு எனக்கும் மருமகளுக்கும் ஒரு தகராறு ஏற்பட்டது. மாதக்கணக்கில் பயிற்சி செய்தும், முட்டையும் பயறும் சொன்னபடி சாப்பிட்டும், எடை பார்க்கும் இயந்திரத்தின் முள் ஒரு நூல்கூட இறங்கவில்லை. இயந்திரம் என்மேல் விரோதம் பாராட்டுகிறது என்று முறையிட்டேன். அவள் தையல்காரர் நாடாவை எடுத்து என் இடுப்பை அளந்தாள். பிறகு என் பெல்ட்டைப் பார்க்கச் சொன்னாள். முன்பு கடைசித் துளையில் மூச்சுத் திணறிக்கொண்டிருந்த பெல்ட், இப்போது மாட்டியது போக மிச்சம் நாய் வால் மாதிரித் தொங்கிக்கொண்டிருந்தது. முள்ளுக்குக் கொழுப்பும் தெரியாது, தசையும் தெரியாது, இரண்டையும் சேர்த்து ஒரே நிறுவையாகத்தான் சொல்லும் என்றும், உள்ளே கொழுப்பு கரைந்து அந்த இடத்துக்குத் தசை குடிவந்திருக்கிறது என்றும், தினமும் எடை பார்த்து மனசைக் கெடுத்துக்கொள்வதைவிட மாதம் ஒருமுறை இடுப்பை அளப்பது மேல் என்றும் சொன்னாள். நான் சமாதானம் ஆனேன். இதை ஏன் சொல்கிறேன் என்றால், அவள் அவசரப்படுத்தி ஆளைக் கெடுக்கிறவள் அல்ல என்பதற்காக.

மருமகள்மேல் புகார் கொடுத்த மனுதாரரான ஷோரூம் மேனேஜர், வயது நாற்பது இருக்கும், சென்ற மாதம் கூடத்தில் சேர்ந்தார். மோட்டார் சைக்கிள் விற்கும் ஷோரூம். வரும்போதே கை வெட்டிய பனியனில் கர்ஜிக்கிற சிங்கத்தின் படமும், இடுப்பில் ஒரு சாண் அகலத் தோல் பெல்ட்டுமாக வந்தார். மருமகள் குச்சியை நீட்டினாள். தான் கூட்டிப் பெருக்க வரவில்லை என்று சொல்லி அதை வாங்க மறுத்துவிட்டார். குச்சி பழகாதவரைக்கும் நடை இயந்திரமும் சின்னக் குண்டுகளும் மட்டும்தான் என்று அவள் சொல்லிவிட்டாள். அதன் பிறகு அவர் என்னைப் பார்க்கும்போதெல்லாம், வீட்டு வேலையை மாமா இங்கேயும் தொடர்கிறாரா என்று கேட்டு வந்தார். என் வீட்டில் மாப்பு பிடிக்கிறவன்தான் ராஜா என்று நானும் சொல்லி வந்தேன். இதைத் தவிர எங்களுக்குள் முன்விரோதம் எதுவும் கிடையாது.

சம்பவ நாளன்று காலை, பெண்கள் பயிற்சி நேரத்தின் கடைசியில், என் முறைக்காக நான் வாசலோரம் காத்திருந்தபோது, மனுதாரரும் முன்கூட்டியே வந்தார். காரை விட்டு இறங்கிய சூட்டோடு நேராக இரும்புத் தண்டிடம் போனார். கை காலை அசைத்து உடம்பைச் சூடு பண்ணும் வேலை எதுவும் செய்யவில்லை. தண்டின் இரு பக்கமும் தட்டு தட்டாக மாட்டத் தொடங்கினார். மருமகள் கூடத்தின் மறுகோடியில் முட்டி வலியுள்ள தையல்கார அம்மாவுக்குக் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தாள். அங்கிருந்தே, "சார், அது இன்னும் உங்களுக்கு இல்ல, இறக்கி வைங்க" என்றாள். அவர் சரி என்று தலையாட்டி விலகி நின்றார். மற்றப் பெண்கள் எல்லோரும் பாயில் மல்லாந்து கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பெண்கள் வரும் இடத்தில் கேமரா வைப்பதில்லை என்பது மருமகளின் கொள்கை. ஆகையால் அடுத்து நடந்ததைப் பார்த்தது நான் ஒருவன் மட்டுமே.

அவள் அந்தப் பக்கம் திரும்பியதும் மனுதாரர் மீண்டும் தண்டிடம் போனார். முழங்காலை மடக்காமல் குனிந்தார். முதுகு பூனை சிலிர்த்த மாதிரி வளைந்தது. மூச்சை அடக்கினார். முகம் கத்தரிக்காய் நிறத்துக்குப் போனது. தண்டு முட்டி வரை வந்தது. அதன் பிறகு ஒரு சத்தம் கேட்டது. கீழே பஞ்சர் கடைக்காரர் ஏதோ டியூப் வெடித்தது என்று வெளியே வந்து பார்த்ததாகப் பின்னால் சொன்னார். தண்டு விழுந்தது, அவரும் விழுந்தார், பனியனில் இருந்த சிங்கம் வாயை மூடிக்கொண்டது.

மருமகள் ஓடி வந்தாள். அவரை முழங்கால் மடக்கிப் படுக்க வைத்து, நிதானமாக மூச்சு விடச் சொன்னாள். காலில் மரத்துப்போன உணர்வு இருக்கிறதா என்று கேட்டாள். இல்லை என்றார். ஆனாலும் மருத்துவரைப் பார்க்காமல் விடக் கூடாது என்று அவருடைய மனைவியை வரவழைத்து அனுப்பி வைத்தாள். தசைப்பிடிப்புதான், கொஞ்சம் ஓய்வெடுத்துவிட்டு மெல்ல நடக்கத் தொடங்கலாம், நாள் முழுக்கப் படுத்தே கிடக்க வேண்டாம் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார்.

அதன் பிறகு ஷோரூமில் அவரிடம் என்ன ஆயிற்று என்று எல்லோரும் கேட்டிருக்கிறார்கள். மோட்டார் சைக்கிளை ஒரு கையால் தூக்குவேன் என்று அங்கே சபதம் போட்டிருந்தவர், தண்டைத் தூக்க முடியாமல் விழுந்தேன் என்று எப்படிச் சொல்வார். பயிற்சியாளர் அளவுக்கு மீறி எடை மாட்டி வற்புறுத்தித் தூக்க வைத்தார் என்று இங்கே மனு கொடுத்தார். விசாரணை முடியும்வரை கூடத்தின் ஷட்டரை இறக்கி வைக்கும்படி உத்தரவாயிற்று. கட்டட உரிமையாளர் இதுதான் சாக்கு என்று, போலீஸ் வழக்கு வந்தால் இடத்தைக் காலி செய்ய வேண்டியதுதான் என்று சொல்லிவிட்டார். இரும்புத் தட்டு ஒவ்வொன்றையும் தன் தோளில் சுமந்து மாடியேற்றிய பெண், அன்று படிக்கட்டில் உட்கார்ந்து பூட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். முட்டி வலிக்காரத் தையல்கார அம்மாவும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

இன்று காலை எங்களை விசாரணைக்கு அழைத்தார்கள். மனுதாரர் முதுகுக்குத் தலையணை வைத்து நாற்காலியில் இருந்தார். அவருடைய மனைவி வலித் தைலத்தோடு நின்றார். மருமகள் நடந்ததைச் சொன்னாள். மனுதாரர் இல்லை என்றார். நான் ஆமாம் என்றேன். நான் மாமனார் என்பதால் என் ஆமாம் பாதி ஆமாமாகவே எடுத்துக்கொள்ளப்பட்டது. அதன் பிறகு ஆய்வாளர் அய்யா, உங்கள் மருமகள் எப்படித்தான் சொல்லிக்கொடுப்பார், செய்து காட்டுங்கள் என்றார். இங்கே மாப்புக் குச்சி இல்லாததால் நான் லத்தியைக் கேட்டேன். காவல் துறை தோன்றிய நாள் முதல் சாட்சி ஒருவன் லத்தியைக் கேட்டு வாங்கியது இதுவே முதல் முறையாக இருக்கும். அய்யா கொஞ்சம் யோசித்துவிட்டுக் கொடுத்தார்.

நான் லத்தியை முதுகில் வைத்தேன். மூன்று இடமும் தொட்டது. பீரோ கதவைச் சாத்துவது போல் இடுப்பைப் பின்னால் தள்ளிக் குனிந்தேன். மூன்று இடமும் தொட்டுக்கொண்டே இருந்தது. அதன் பிறகு லத்தியை எழுத்தரிடம் கொடுத்துவிட்டு, மூலையில் இருந்த, வழக்கமாக இரண்டு காவலர்கள் தள்ளித் தள்ளி நகர்த்தும் இரும்புப் பெட்டியிடம் போனேன். முழங்காலையும் மடக்கி, பெட்டியைக் கைக்குழந்தை போல உடம்போடு ஒட்டிப் பிடித்து, பாதத்தைத் தரையில் அழுத்தி, மூச்சை வெளியே விட்டபடி எழுந்தேன். பெட்டியும் எழுந்தது. நிலையத்தின் கூரை நான்கு அங்குலம் உயர்ந்ததாக எனக்குத் தோன்றியது. காவலர்கள் கை தட்டினார்கள். ஆய்வாளர் அய்யாவும் ஒருமுறை லத்தியை வைத்துக் குனிந்து பார்த்தார். இரண்டு இடம் விலகியது. தன் முதுகு நேராகத்தான் இருக்கிறது, லத்திதான் வளைந்துவிட்டது என்று தெரிவித்தார். அதன் பிறகு, இந்த வயதில் இப்படி ஒரு ஆளா என்று என்னைப் பார்த்துச் சொன்னார்.

அந்த வார்த்தையை மனுதாரரால் தாங்க முடியவில்லை. ஒரு பலசாலியின் முன்னால் இன்னொரு ஆளின் பலத்தைப் புகழக் கூடாது என்பதை அய்யா அறிந்து செய்தாரா அறியாமல் செய்தாரா என்பது எனக்குத் தெரியாது. மனுதாரர் தலையணையைத் தள்ளிவிட்டு, "இதெல்லாம் ஒரு வெயிட்டா சார்? இந்தம்மா எனக்குக் குச்சியைத்தான் குடுத்தாங்க, தண்டைத் தொடவே கூடாதுன்னாங்க. அவங்க அந்தப் பக்கம் திரும்பினதும் நானே நூறு கிலோ மாட்டி முட்டி வரைக்கும் தூக்கினேன், தெரியுமா?" என்றார்.

தான் சொன்னதை அந்த அறையில் கடைசியாகக் கேட்டவர் அவர்தான். அவருடைய மனைவி தைல டப்பாவின் மூடியை நிதானமாகத் திருகி மூடினார். "வீட்டுல காஸ் சிலிண்டரை நகர்த்தச் சொன்னா மட்டும் உங்களுக்கு முதுகு புடிச்சுக்கும்" என்றார். ஆய்வாளர் அய்யா, எழுத்தருக்கு வசதியாக இன்னொருமுறை மெதுவாகச் சொல்லும்படி மனுதாரரைக் கேட்டுக்கொண்டார்.

மருமகள் சிரிப்பாள் என்று எதிர்பார்த்தேன். அவள் சிரிக்கவில்லை. "சார், பழக்கமே இல்லாம அவ்வளவு தூரம் தூக்கினது பெரிய பலம்தான். பலம் இருக்கு, குனியத்தான் தெரியல. வலி முழுசாப் போகட்டும், வாங்க, குச்சியில இருந்து ஆரம்பிக்கலாம்" என்றாள்.

மனுதாரர் மனுவைத் திரும்பப் பெற்றார். எழுத்தரின் மேசை தாழ்வானது. கையெழுத்துப் போட அவர் குனிய வேண்டியிருந்தது. வலிக்குப் பயந்து, முதுகை வளைக்காமல், இடுப்பைப் பின்னால் தள்ளி, பாதத்தை ஊன்றி மெல்லக் குனிந்தார். நான் ஓசைப்படாமல் லத்தியை எடுத்து அவர் முதுகில் வைத்தேன். பின்னந்தலை, தோள்களுக்கு நடுவே, கடைசி எலும்பு. மூன்றும் தொட்டது. மருமகள்தான் முதலில் கை தட்டினாள். அவர் குனிந்தபடியே, சரியா இருக்கா மேடம் என்று கேட்டார்.

அதன் பிறகு நாங்கள் போய் ஷட்டரைத் தூக்கினோம். உருண்டு ஏறிய சத்தம் ஏழு கடல் தாண்டியும் கேட்டிருக்கும். கட்டட உரிமையாளரின் வீட்டில் கேட்டது நிச்சயம். படிக்கட்டில் காத்திருந்த பயிற்சிப் பெண்கள் வரிசையாக உள்ளே போனார்கள். தட்டுகளை எடுத்து வைக்க நானும் ஒரு கை கொடுத்தேன். மருமகள், "மாமா, முட்டியை மடக்குங்க" என்றாள். வெற்றி ஊர்வலத்திலும் விடமாட்டாள்.

மனுவின் கோப்பை முடிக்க வேண்டும் என்று மறுபடி அழைத்ததால் வந்து இதைச் சொல்கிறேன். நான் சொல்லச் சொல்ல, ஆய்வாளர் அய்யா ஜன்னலோரம் லத்தியை முதுகில் வைத்துக் குனிந்து நிமிர்ந்துகொண்டிருந்தார். கடைசி வரிக்கு வரும்போது மூன்றாவது இடமும் தொட்டுவிட்டதாக எழுத்தர் சொல்லக் கேட்டேன். அதையும் சேர்த்து, மேலே கண்டவை அனைத்தும் நான் பார்த்தது பார்த்தபடி, யாருடைய தூண்டுதலும் இல்லாமல், மூச்சை அடக்காமல் சொன்னவை. வாசித்துக் காட்டக் கேட்டு, கூரை உயர்ந்த அளவைத் தவிர மற்றதெல்லாம் இம்மி பிசகாத உண்மை என்று ஒப்புக்கொண்டு, இடுப்பை மடக்கி, முதுகு வளையாமல் குனிந்து கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம்)
பீரோ மாமா